தொட்டிக் கணக்கும் தோண்டிய நிலமும்

பள்ளிக்கூடத்துக் கணக்குப் புத்தகங்களில் ஒரு தொட்டி உண்டு. அதற்கு இரண்டு குழாய்கள். ஒன்று தொட்டியை ஆறு மணி நேரத்தில் நிரப்பும். மற்றொன்று எட்டு மணி நேரத்தில் வெறுமையாக்கும். இரண்டையும் ஒரே சமயத்தில் திறந்துவிட்டால் தொட்டி எப்போது நிரம்பும்? இக்கணக்கை முப்பது ஆண்டுகளுக்கு மேல் கரும்பலகையில் எழுதியவன் நான். விடை இருபத்துநான்கு மணி நேரம். ஒரு நாள் பின்வரிசை மாணவன் ஒருவன் எழுந்து, "ஐயா, வெளியே போகும் குழாயை மூடிவிட்டால் ஆறு மணியில் நிரம்பிவிடுமே, அதை ஏன் திறந்து வைக்கவேண்டும்?" என்று கேட்டான். வகுப்பு சிரித்தது, நானும் சிரித்தேன். "கேட்டதற்கு விடை எழுது" என்று சொல்லி அவனை உட்காரவைத்துவிட்டேன். அவன் கேட்டது நகைப்புக்குரிய கேள்வியன்று என்பது, ஓய்வு பெற்றபின் நிலக்கரிச் சுரங்கங்களின் வரலாற்றைப் படிக்கத் தொடங்கிய போதுதான் எனக்கு விளங்கிற்று. நாடளவு பெரிய தொட்டி ஒன்றில், வெளியே போகும் குழாயை மூடியபின் என்ன நடந்தது என்பதே இன்று நான் சொல்லவிருக்கும் கதை.

கதை நடந்த இடம் ஜெர்மனி. ஆனால் அதன் தொடக்கத்தை நம் ஊரிலிருந்தே விளங்கிக்கொள்ளலாம். 1935-ஆம் ஆண்டில் தென்னார்க்காட்டு மாவட்டத்து நெய்வேலியில் ஜம்புலிங்க முதலியார் என்னும் நிலக்கிழார் தம் நிலத்தில் நீருக்காகத் துளையிட்ட போது கரிய பொருளொன்று வெளிப்பட்டது. அதுவே பழுப்பு நிலக்கரி. ஆராய்ச்சிகள் பல நடந்தபின் 1956 நவம்பரில் நெய்வேலி நிறுவனம் பதிவாயிற்று. 1957 மே 20-ஆம் நாள் பிரதம மந்திரி நேரு சுரங்க வேலையைத் தொடங்கிவைத்தார். கரியின் முகத்தைக் காண 1961 ஆகஸ்டு வரை காத்திருக்க வேண்டியிருந்தது.

மண்ணை அகற்றுவது மட்டுமே வேலையாயிருந்தால் யந்திரங்களைப் பெருக்கி விரைவில் முடித்திருக்கலாம். தொல்லை கொடுத்தது நீர். கரிப்படுகைக்குக் கீழே மணற்பாறையில் நிலத்தடி நீர் அடைபட்டுக் கிடக்கிறது. சதுர சென்டிமீட்டருக்கு 6 முதல் 8 கிலோகிராம் வரை அது மேல்நோக்கி அழுத்துகிறது. ஒரு கிலோகிராம் அழுத்தம் பத்து மீட்டர் உயர நீரைத் தாங்கும் என்று பௌதிகத்தில் படித்திருக்கிறீர்கள். ஆகவே அடியிலுள்ள நீருக்கு அறுபது, எழுபது மீட்டர் எழும்பும் வேகம் உண்டு. மேலிருக்கும் மண்ணின் பாரம் அதை அடக்கி வைத்திருக்கிறது. அந்தப் பாரத்தை நாம் அள்ளி எறிந்துவிட்டால், குழியின் தரை பொங்கிப் பிளந்து, சுரங்கம் ஒரே நாளில் குளமாகிவிடும். அதனால் குழியைச் சுற்றிலும் ஆழ்துளைக் கிணறுகள் அமைத்து, இரவு பகலாக நீரை இறைத்து அழுத்தத்தைத் தணித்துக்கொண்டே கரி வெட்டவேண்டியதாயிற்று. ஒரு டன் கரிக்குப் பல டன் நீர் வெளியே வந்தது. கரிச் சுரங்கம் என்று பெயர் சொல்கிறோம். எடையைக் கொண்டு பெயரிடுவதானால் நீர்ச் சுரங்கம் என்றே சொல்லவேண்டும்.

இனி ஜெர்மனிக்குச் செல்வோம். அந்நாட்டின் கிழக்கெல்லையில், போலந்தை ஒட்டி, லவுசிட்ஸ் என்னும் பிரதேசம் இருக்கிறது. மணற்பாங்கான தாழ்நிலம், பைன் காடுகள், மீன் வளர்க்கும் குளங்கள். ஜெர்மானியரோடு சோர்பியர் எனப்படும் சிறிய ஸ்லாவிய இனத்தார் தம் மொழியைக் காத்துக்கொண்டு நூற்றாண்டுகளாக அங்கு வாழ்ந்து வருகின்றனர். ஸ்ப்ரே என்னும் ஆறு தெற்கிலிருந்து இந்நிலத்தின் ஊடாக வந்து, கொட்புஸ் நகரைக் கடந்து, ஸ்ப்ரேவால்ட் என்ற இடத்தில் எண்ணற்ற கால்வாய்களாகப் பிரிந்து, பிறகு கூடி பெர்லின் மாநகரத்தினுள் நுழைகிறது. நீளம் ஏறத்தாழ 400 கிலோமீட்டர். நம் காவிரியில் பாதி. மழையும் அங்கே அதிகமில்லை. ஆண்டுக்கு 600 மில்லிமீட்டரை எட்டுவதே அரிது.

இந்நிலத்தின் அடியில் கிடந்த பழுப்பு நிலக்கரியைப் பத்தொன்பதாம் நூற்றாண்டின் நடுவிலேயே வெட்டத் தொடங்கினார்கள். 1924-இல் பிளெஸ்ஸா என்னுமிடத்தில், மேல்மண்ணை வாரிக் குழிக்கு மேலாகவே கடத்தி மறுகரையில் கொட்டும் பாலம் போன்ற யந்திரம் முதன்முதலாக நிறுவப்பட்டது. அதன் வழித்தோன்றலொன்று லிஹ்டர்ஃபெல்டு கிராமத்தருகே இன்றும் காட்சிக்கு நிற்கிறது. நீளம் 502 மீட்டர். 'படுத்திருக்கும் ஈபெல் கோபுரம்' என்று அவ்வூரார் அதைச் செல்லமாக அழைக்கின்றனர். 1949-க்குப் பின் கிழக்கு ஜெர்மனி தனிநாடாயிற்று. எண்ணெயோ உயர்ந்த ரகக் கரியோ போதிய அளவில் இல்லாத அந்நாடு தன் விளக்கு, அடுப்பு, ஆலை யாவற்றுக்கும் பழுப்பு நிலக்கரியையே நம்பியது. 1980-களின் இறுதியில் லவுசிட்ஸ் ஆண்டொன்றுக்கு 20 கோடி டன்னுக்குச் சற்றுக் குறைவான கரியைக் கொடுத்தது. அதற்காக நூற்றுக்கு மேற்பட்ட கிராமங்கள் முழுமையாகவோ பகுதியாகவோ அழிந்தன. தேவாலயமும் இடுகாடும் பழமரங்களும் பெயர்ந்த அவ்வூர்களில் சோர்பியர் ஊர்கள் பல. கரியின் விலையில் இந்த இழப்பைச் சேர்த்து எழுதிய கணக்குப் பிள்ளையை நான் எந்த நூலிலும் கண்டதில்லை.

நீரின் கணக்கைப் பார்ப்போம். கரி உச்சத்திலிருந்த ஆண்டுகளில் லவுசிட்ஸ் சுரங்கங்களிலிருந்து ஆண்டுக்கு ஏறத்தாழ 120 கோடி கன மீட்டர் நீர் இறைக்கப்பட்டது. ஒரு டன் கரிக்கு ஆறு டன் நீர். வகுத்துப் பார்த்தால் வினாடிக்கு 38 கன மீட்டர். அது ஓர் ஆற்றின் அளவு. இறைத்த நீரை எங்கே விடுவது? ஸ்ப்ரேயிலும், கரிய எல்ஸ்டர் என்னும் மற்றோர் ஆற்றிலும் விட்டார்கள். நிலத்தடி நீர்மட்டம் சுமார் 2,000 சதுர கிலோமீட்டர் பரப்பில் கிண்ணம் போலக் குழிந்து இறங்கிற்று. மேலே ஆறு கொழுத்தது. கீழே நிலம் வறண்டது.

இவ்விடத்தில் மாணவர்கள் சற்றே நின்று சிந்திக்க வேண்டும். கொழுத்த ஆற்றைக் கண்டவர்கள் அதுவே ஆற்றின் இயல்பு என்று எண்ணிவிட்டார்கள். இரண்டு தலைமுறைக் காலம் அவ்வாறே ஓடினால், யார்தான் வேறு விதமாக எண்ணுவர்? மின்நிலையங்கள் அந்நீரை நம்பி அமைந்தன. மீன் குளங்கள் அதை நம்பின. ஸ்ப்ரேவால்டின் கால்வாய்களும், அவற்றில் படகு செலுத்திப் பிழைப்பவர்களும், கீழே பெர்லினில் ஆற்றங்கரை மணல் வழியே வடித்தெடுத்த நீரைக் குடித்த மக்களும் அதை நம்பினர். மறுபுறம், நீர்மட்டம் இறங்கிக் காய்ந்துபோன நிலத்தில் வீடு கட்டியவர்கள், அந்நிலம் என்றுமே உலர்ந்த நிலம் என்று கருதி நிலவறைகள் தோண்டிக்கொண்டார்கள்.

1990-இல் இரு ஜெர்மனிகளும் ஒன்றாயின. சில ஆண்டுகளுக்குள் சுரங்கங்களில் பெரும்பாலானவை மூடப்பட்டன; கரி வெட்டுவது கால் பங்காகச் சுருங்கிற்று. வேலையிழந்தோர் பல்லாயிரவர். அந்தத் துயரம் தனிக் கதை. மூடப்பட்ட சுரங்கங்களைச் சீர்ப்படுத்துவதற்கென்றே 1994-இல் அரசாங்கம் ஒரு நிறுவனத்தை ஏற்படுத்தியது. கிழக்கு ஜெர்மனியின் கரிப் பிரதேசங்களனைத்திலும் நிலத்தடியில் ஏற்பட்டிருந்த நீர்ப் பற்றாக்குறையை அப்போது கணக்கிட்டார்கள். 1,200 கோடி கன மீட்டருக்கு மேல் வந்தது! மேட்டூர் அணையின் முழுக் கொள்ளளவு 93.47 டி.எம்.சி.; அதாவது சுமார் 265 கோடி கன மீட்டர். நான்கு மேட்டூர்களைக் கவிழ்த்தாலும் அந்தக் குழி நிரம்பாது.

என் மாணவன் கேட்ட கேள்விக்கு இப்போது வருகிறேன். வெளியே போகும் குழாயை மூடிவிட்டார்கள். தொட்டி தானே நிரம்பவேண்டியதுதானே? நிரம்பத்தான் தொடங்கிற்று. ஆனால் அந்தக் குழாயிலிருந்து விழுந்த நீரே ஸ்ப்ரே ஆற்றின் பெரும் வருவாயாயிருந்தது. இறைப்பு குறையக் குறைய ஆறு மெலிந்தது. அதே சமயத்தில், வெறும் பள்ளங்களாய்க் கிடந்த சுரங்கங்களை ஏரிகளாக்குவதற்கு அந்த மெலிந்த ஆற்றிலிருந்தே நீர் கேட்கப்பட்டது. வரவு குறைந்த நாளிலேயே செலவும் கூடியது என்றால் குடும்பத் தலைவர் எவரும் அதன் பொருளை அறிவர்.

"மழைநீரும் ஊற்றுநீரும் மெல்ல நிரப்பட்டுமே, அவசரம் என்ன?" என்று கேட்கலாம். இரண்டு காரணங்களால் அது இயலவில்லை. முதலாவது, பள்ளங்களின் கரை. இறைத்துக் கொட்டிய மணல் நெகிழ்ச்சியானது. அடியிலிருந்து நீர் ஊறி ஏறும்போது அது கூழாகிச் சரியும். ஏரியின் நீர் உள்ளிருந்து கரையைத் தாங்கினால் அபாயம் குறைகிறது. முற்றும் நீங்கிவிடுவதில்லை. 2009 ஜூலை 18-ஆம் நாள், மத்திய ஜெர்மனியில் நாஹ்டெர்ஸ்டெட் என்னும் ஊரில், நிரம்பிக்கொண்டிருந்த சுரங்க ஏரியின் கரை சரிந்து வீடுகளை இழுத்துச் சென்றது, மூவர் மாண்டனர். இரண்டாவது காரணம் இரசாயனத்தைச் சார்ந்தது. கரியோடு சேர்ந்த மண்ணில் இரும்பும் கந்தகமும் கலந்த பைரைட்டு என்னும் கனிமம் உண்டு. நீரில் மூழ்கிக் கிடந்தவரை அது சாது. நீரை இறைத்து மண்ணைப் புரட்டிக் காற்றுப்பட வைத்தபோது அது கந்தக அமிலமாக மாறத் தலைப்பட்டது. இந்த மண்ணின் வழியே ஊறிவரும் நீர் பள்ளத்தை நிரப்பினால் ஏரி புளித்துப்போகிறது. இவ்வாறு புளித்த ஏரிகள் பலவற்றில் மீன் வாழவில்லை. கப்பல்களிலிருந்து சுண்ணாம்பைத் தூவி அமிலத்தைத் தணித்து வருகிறார்கள். ஊறிவந்த இரும்பு ஸ்ப்ரேயின் சில பகுதிகளைத் துருநிறமாக்கிற்று. கந்தகத்தின் உப்பு பெர்லின் வரை சென்று, குடிநீர் அதிகாரிகளுக்குக் கவலை கொடுக்கிறது. லிட்டருக்கு 250 மில்லிகிராம் என்பது குடிநீரில் அதற்கு விதித்த எல்லை. ஆகவே தூய ஆற்றுநீரைக் கொண்டு விரைவில் நிரப்புவதே நல்லது. அந்த ஆற்றுநீருக்குத்தான் பஞ்சம்!

இந்த முடிச்சை அவிழ்க்க அவர்கள் செய்த ஏற்பாட்டை நான் மெச்சுகிறேன். 2000-ஆம் ஆண்டில் சென்ஃப்டென்பெர்க் நகரில் ஒரு மத்திய நிலையம் அமைத்து, ஸ்ப்ரே, கரிய எல்ஸ்டர், நைசே ஆகிய மூன்று ஆறுகளின் நீரளவையும் அங்கிருந்தே கவனித்து, எந்தப் பள்ளத்துக்கு எப்போது எவ்வளவு விடுவது என்று தீர்மானிக்கலாயினர். நம் பக்கத்து ஏரிகளில் நீர்க்கட்டி என்று ஒருவர் இருந்து, வாய்க்கால் முறை வைத்து மடை திறப்பாரே, அந்த வேலைதான். பரப்பு மட்டும் பெரிது. ஆற்றில் குறிப்பிட்ட அளவு நீர் இருந்து, முன்பிருந்தே அதைப் பயன்படுத்துவோருக்குப் போக மிஞ்சினால்தான் பள்ளத்துக்குப் பங்கு. கடைசிப் பந்தியில் உட்காரவேண்டியது பள்ளம்.

கொட்புஸ் நகருக்கு அருகே ஒரு பள்ளம் அப்படித்தான் காத்திருந்தது. லாக்கோமா என்ற சோர்பிய ஊரும் அதன் மீன் குளங்களும் இருந்த இடத்தை விழுங்கிய சுரங்கம் அது. 2015 டிசம்பரில் கரி தீர்ந்தது. 2019 ஏப்ரல் 12-ஆம் நாள் ஸ்ப்ரேயின் நீரை அதனுள் திறந்துவிட்டார்கள். விழாவெடுத்துத் திறந்த மதகை, அவ்வாண்டுக் கோடையில் ஆறு வற்றிய காரணத்தால் மூடவேண்டி வந்தது. நிரம்பியபின் அந்த ஏரியின் பரப்பு 19 சதுர கிலோமீட்டர். மாணவர்கள் ஒரு கணக்குப் போட்டுப் பாருங்கள். வெயில் கடுமையான நாளில் நீர்ப்பரப்பு 3 மில்லிமீட்டர் ஆவியாகிறதென்று கொள்வோம். 19 சதுர கிலோமீட்டரில் 3 மில்லிமீட்டர் என்பது 57,000 கன மீட்டர். வினாடிக்கு ஏறக்குறைய மூன்றில் இரண்டு கன மீட்டர். ஏரியின் மட்டம் குறையாமலிருக்க மட்டுமே அவ்வளவு நீர் எங்கிருந்தேனும் வந்தாகவேண்டும்.

சீர்ப்படுத்திய நிலத்தின் நீர்க்கணக்கு பழைய நிலத்தின் கணக்கைப்போல் அமையாது என்பதற்கு இது ஒரு சான்று. முன்பு அங்கிருந்தது வயலும் காடும் சிறு குளமும். மழையில் பெரும்பங்கைப் பயிரும் மரமும் குடித்து ஆவியாக்கும். மிஞ்சிய சிறு பங்கு நிலத்தினுள் இறங்கி ஊற்றாகி ஆற்றைச் சேரும். அகன்ற ஏரியோ அந்த வறண்ட பிரதேசத்தில் தன்மேல் பெய்யும் மழையைவிட மிகுதியாகக் கோடையில் ஆவியாக்கிவிடுகிறது. கண்ணுக்கு நீர் நிறைந்த இடமாகத் தோன்றுவது, கணக்கேட்டில் செலவுப் பக்கத்தில் வருகிறது! மண்மேடுகளில் வைத்த காடும் அவ்வாறே நிலையாய் நிற்பதில்லை. கன்றாயிருக்கும்போது குறைவாகக் குடித்து, நிலத்துக்கு நிறைய விடுகிறது; மரமானபின் அந்தப் பங்கைத் தானே எடுத்துக்கொள்கிறது. பயிர்செய்ய வேண்டிய நிலத்தில் முதலில் சுண்ணாம்பிட்டுப் புளிப்பை மாற்றி, குதிரைமசால் முதலிய ஆழவேர்ப் பயிர்களை விதைத்து, மண்ணுக்கு உயிர் வரும்வரை ஆண்டுக்கணக்கில் பொறுக்கிறார்கள்.

ஏற ஏற நிலத்தடி நீர் வேறொரு கணக்கையும் கேட்டது. முன்பு சொன்னேனே, உலர்ந்த நிலத்தில் நிலவறை தோண்டியவர்களை. அவர்கள் வீடுகளில் நீர் ஊறிற்று. நீர் தன் பழைய இடத்துக்குத் திரும்பி வந்தது. அதை அன்னியனாகக் கண்டவர்கள் மனிதர்கள். இன்று அவ்வூர்கள் சிலவற்றைக் காப்பாற்றுவதற்கு மீண்டும் கிணறு வெட்டி இறைக்கவேண்டியிருக்கிறது.

குறைகளையே அடுக்கினால் நியாயமாகாது. சென்ஃப்டென்பெர்க் ஏரி 1967 முதல் 1972 வரை நிரப்பப்பட்டு 1973-இல் மக்கள் நீராடத் திறக்கப்பட்டது. ஓட்டோ ரிண்ட் என்ற நிலத்தோற்றக் கலைஞர், பள்ளங்களையெல்லாம் ஏரித் தொடராக்கலாம் என்று அந்நாளிலேயே வரைந்து காட்டியவர். க்ரோஸ்ரேஷன் என்னும் ஊரில் பழைய சுரங்க யந்திரமொன்றின் கைமரத்தைக் கொண்டு படகுத்துறைப் பாலம் ஒன்றை அமைத்தனர். அமைத்தபோது கீழே சொட்டு நீரில்லை. வெறும் பள்ளத்தின் மேல் பாலம் நீட்டிக்கொண்டு நின்றது. 2007-இல்தான் அந்தப் பள்ளத்துக்கு நீர் வந்தது. இன்று ஏரி பாலத்தை எட்டி நிற்கிறது. இந்தப் பொறுமை எனக்குப் பிடித்திருக்கிறது என்பதை மறைக்கமாட்டேன்.

ஆயினும் பெரிய மதிப்பீடு இனிமேல்தான். 2020-இல் இயற்றிய சட்டப்படி 2038-க்குள் நிலக்கரியை எரித்து மின்சாரம் எடுப்பதை ஜெர்மனி நிறுத்தவேண்டும். அப்போது எஞ்சிய சுரங்கங்களின் இறைப்பும் குறையும். வறண்ட கோடை மாதங்களில் ஸ்ப்ரேயின் நீர் சில இடங்களில் 75 சதவிகிதம் வரை குறையக்கூடும் என்று 2023-இல் ஜெர்மனியின் கூட்டரசுச் சுற்றுச்சூழல் அலுவலகம் வெளியிட்ட ஆய்வு எச்சரித்தது. எல்பே போன்ற அயல் ஆற்றிலிருந்து நீரைத் திருப்பிக் கொணரலாமா, மழைக்காலத்து நீரைத் தேக்கும் அணைகளாகப் பழைய பள்ளங்களையே ஆக்கலாமா என்று யோசிக்கிறார்கள். என் மாணவன் மூடச் சொன்ன குழாயை மூடினால் பெர்லினில் பானை காலியாகிறது!

நம் நாட்டிலும் தோண்டிய பள்ளத்து நீர் தாகம் தீர்த்ததுண்டு. 2017-லும் 2019-லும் சென்னையில் ஏரிகள் வற்றியபோது, மாங்காட்டை அடுத்த சிக்கராயபுரத்துக் கல்குவாரிகளில் தேங்கிய நீரைச் செம்பரம்பாக்கத்துக்குக் கொண்டுசென்று சுத்திகரித்து நகரத்துக்கு அனுப்பினார்கள். கல்வெட்டியவர்கள் அப்படியொரு பயனைக் கனவிலும் கருதியிருக்கமாட்டார்கள்.

நெய்வேலியிலோ கணக்கு லவுசிட்ஸின் கணக்கை ஒத்தது. அங்கு இறைக்கும் நீரில் ஒரு பங்கு மின்நிலையத்துக்கும் நகரியத்துக்கும் போகிறது. ஒரு பங்கு செங்கால் ஓடை வழியாக வாலாஜா ஏரிக்கும், அப்பால் பெருமாள் ஏரிக்கும் சென்று நெல் விளைவிக்கிறது. அதே மாவட்டத்தில், தங்கள் கிணறுகளில் நீர் ஆழத்துக்குப் போய்விட்டதென்று உழவர்கள் குறைகூறி வருவதும் நெடுநாளையச் செய்தி. ஒருவர் வயலுக்கு வரவு, மற்றவர் கிணற்றுக்குச் செலவு. இருவரும் ஒரே தாலுகாவில் இருக்கலாம். கரி தீரும் நாளில் இறைப்பு நின்றால் கிணறுகளுக்கு நீர் ஏறலாம். ஏரிகளுக்கு வரும் நீர் குறையும். எவருக்கு எவ்வளவு என்பதைச் சொல்வதற்கு, முன்னும் பின்னும் அளந்த அளவுகள் வேண்டும். அளவுகள் இல்லாமற்போனால் என்ன ஆகும் என்பதை, உலர்ந்த நிலமே இயற்கையென்று நம்பி நிலவறை தோண்டியவர்களிடம் கண்டோம்.

கடலூர் மாவட்டத்து மாணவர்களுக்கு ஒரு வேலை சொல்லி அமைகிறேன். உங்கள் ஊர்ப் பொதுக்கிணற்றில் சித்திரையில் ஒரு முறையும் தையில் ஒரு முறையும் கயிறு விட்டு, கைப்பிடிச் சுவரிலிருந்து நீர்மட்டம் எத்தனை ஆழத்தில் இருக்கிறதென்று அளந்து, தேதியிட்டுப் பள்ளிக்கூடத்து நோட்டில் எழுதி வையுங்கள். கயிற்றின் நுனியில் ஒரு கல்லைக் கட்டி, மீட்டருக்கு ஒரு முடிச்சுப் போட்டுக்கொண்டால் அளப்பது எளிது.